சூப்புக்கு நாற்பதாம் நாள்

சட்டம் என்றால் அது எங்கள் நாட்டுச் சட்டம்தான். மற்ற நாடுகளில் ஒருவனுக்குப் பசித்தால் சோறு போடுகிறார்கள். அது ஆடு மாடுகள்கூடத் தம் குட்டிகளுக்குச் செய்கிற காரியம். எங்கள் ஜார்ஜியாவில் அப்படியில்லை. பசித்தவனுக்குப் புகார் செய்யும் உரிமையைக் கொடுத்தார்கள். அந்தப் புகாரைக் கவனிக்க ஓர் அலுவலகம் கொடுத்தார்கள். அந்த அலுவலகம் ஒழுங்காகக் கவனிக்கிறதா என்று கவனிக்கத் தலைநகரில் இன்னோர் அலுவலகம் கொடுத்தார்கள். மனிதனை மனிதனாக மதிப்பது என்றால் இதுதான். அதிலும் எங்கள் ஷவ்கோரா நகரம் இந்தச் சட்டத்தைக் கடைப்பிடித்த மாதிரி மலைக்கு இந்தப் பக்கமும் எந்த ஊரும் கடைப்பிடித்ததில்லை, அந்தப் பக்கமும் இல்லை.

கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை. அந்தச் சட்டத்தை நானே ஓட்டியிருக்கிறேன். அதற்கு நாலு சக்கரம் உண்டு. பின்கதவு சரியாகச் சாத்தாது.

சட்டம் வருவதற்கு முன் எங்கள் ஊர் இருந்த இருட்டைச் சொல்ல வேண்டும். நகராட்சியின் இலவச உணவுக்கூடம் கடைவீதியில் இருக்கிறது. இல்லாதவர்கள் பாத்திரத்தோடு வருவார்கள். ஓர் அகப்பை சூப்பு, ஒரு துண்டு ரொட்டி. ஆனால் இல்லாதவர்களில் பாதிப்பேர் மேட்டில் இருந்தார்கள். நிலக்கரிச் சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளிகளுக்கு மலைமேல் வீடு கட்டிக் கொடுத்து, ஏறி இறங்க ரோப் காரும் விட்டிருந்தார்கள். சுரங்கம் மூடிற்று. ரோப் கார் நின்றது. மனிதர்கள் மட்டும் மேலேயே தங்கிவிட்டார்கள். அவர்களில் நடக்க முடியாதவர்களுக்கு, மத்தியானம் உணவுக்கூடத்து வேனில் தூக்குவாளிகளை ஏற்றிக்கொண்டு நான் போவேன். கதவைத் தட்டுவேன். வாளியைக் கொடுப்பேன். காலி வாளியை வாங்கிக்கொள்வேன். 'நல்லா இரு' என்பார்கள். படிவம் கிடையாது, கையெழுத்து கிடையாது, மதிப்பீடு கிடையாது. அப்படி ஒரு காட்டுமிராண்டிக் காலம்.

பிறகு 'சமூக சேவைகளில் புகார் மற்றும் மேற்பார்வைச் சட்டம்' வந்தது. எந்தச் சேவையையும் அதைச் செய்கிறவர்களைச் சாராத ஒருவர் மேற்பார்வை செய்ய வேண்டும் என்றது சட்டம். நகராட்சி உடனே ஒரு மேற்பார்வைப் பிரிவைத் தொடங்கி, குல்நாஸி என்ற பெண்ணை அதிகாரியாக அமர்த்தியது. சட்டம் படித்த பெண். நல்ல பெண். மேட்டில் இருக்கிறவர்களுக்குச் சூப்பு சரியாகப் போய்ச் சேருகிறதா என்று அவள் தினமும் நேரில் போய்க் கேட்க வேண்டும். போக வண்டி வேண்டும். நகராட்சியிடம் இருந்த ஒரே வண்டி சூப்பு வேன். ஆகவே, சூப்பு ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பதற்காகச் சூப்பு வேன் மேற்பார்வைப் பிரிவுக்கு 'மாற்றல்' செய்யப்பட்டது.

உணவுக்கூடத்து இயக்குநர் ஓத்தியா ஐயாவிடம் போய் நின்றேன்.

"அப்ப சூப்பு என்னங்க ஆகும்?"

"சூப்புக்கு என்ன தம்பி. அண்டாவுல பத்திரமா இருக்கு. கீழ வர்றவங்களுக்கு ஊத்தறோம்."

"செவேரியான் அண்ணனுக்கு ஒரு கால்தானேங்க இருக்கு."

ஓத்தியா ஐயா சட்டத்தைப் பிரித்து, விரலால் வரிவரியாகத் தடவிப் பார்த்தார். "இதுல காலப் பத்தி ஒண்ணுமே இல்லயேப்பா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நானும் பிறகு தேடிப் பார்த்தேன். இல்லை.

செவேரியான் சுரங்கத்தில் கல் வெட்டியவர். கூரை சரிந்த அன்று இடது காலை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். நெஞ்சுக்குள் கரி மட்டும் கூடவே வந்தது. மேட்டில் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார். வேன் மாறிய பிறகு அவருக்குப் பக்கத்து வீட்டு மார்கோ கொடுக்கும் மக்காச்சோள அடையும், ஊறுகாய்ப் பூண்டும்தான் சாப்பாடு. மார்கோவுக்கோ கண் தெரியாது. மாவு இருக்கிறதா என்று டப்பாவில் கைவிட்டுப் பார்த்துத்தான் அடை சுடுவாள். கை வெறுமனே வந்தால் அன்று இருவருக்கும் இல்லை. இலையுதிர் காலம் முடிவதற்குள் செவேரியான் தன் இடுப்பு வாரில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார்.

அப்படிப்பட்டவரைச் சட்டம் கைவிடுமா? தினமும் மத்தியானம், பழைய நேரத்துக்கே, குல்நாஸியை ஏற்றிக்கொண்டு போனேன்.

"ஐயா வணக்கம். இன்னிக்கி சூப்பு எப்படி இருந்துச்சு?"

"எங்க இருந்துச்சு?"

"அந்தக் கேள்வி படிவத்துல இல்லைங்க ஐயா. சூடாவா, இளஞ்சூடாவா, ஆறிப்போயா?"

"வரவே இல்லம்மா."

குல்நாஸி பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "வராத சூப்பு சூடா இருந்திருக்க முடியாதுல்ல" என்றாள்.

"முடியாதுதான்."

'ஆறிப்போய்' என்ற கட்டத்தில் குறி போட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கட்டம்தான் உண்மைக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் இருந்தது.

புகார் முறைப்படி நகர்ந்தது. புகாரை, அந்தச் சேவையைப் பற்றி நன்கு அறிந்த ஒருவர் முதலில் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் ஊரில் சூப்பைப் பற்றி ஓத்தியா ஐயாவைவிட அறிந்தவர் யார்? ஆகவே ஓத்தியா ஐயா மீதான புகாரை ஓத்தியா ஐயாவே விசாரித்தார். சாட்சிகள் முன்னிலையில் அண்டாவுக்குள் விரலை விட்டார். விரல் வெந்துபோயிற்று. 'சூப்பு ஆறியிருந்தது என்ற புகார் ஆதாரமற்றது' என்று இடது கையால் எழுதி, வலது கைக்கு மருத்துவ விடுப்பு எடுத்துக்கொண்டார். கடமைக்காக இவ்வளவு தூரம் போகிறவர்களை இப்போது எங்கே பார்க்கிறோம்.

"தம்பி," என்றார் செவேரியான் ஒருநாள், மாடிப்படியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு. "அந்தப் பொண்ணு வரட்டும், பரவாயில்ல. அவ மடியில ஒரு வாளிய வச்சுக் கூட்டிட்டு வாயேன்."

"வேன்ல சேவைப் பொருள் எதுவும் ஏத்தக் கூடாதாம் அண்ணே. ஏத்தினா மேற்பார்வையோட சுதந்திரம் போயிடுமாம்."

"எங்க போகும்?"

அது எனக்கும் தெரியவில்லை. இருந்தாலும் மறுநாள் இருக்கைக்கு அடியில் ஒரு வாளியை ஒளித்து ஏற்றினேன். மூன்றாம் வளைவில் அது கவிழ்ந்து குல்நாஸியின் கோப்பெல்லாம் முட்டைக்கோஸ். எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது.

இப்படி எங்கள் ஊர் நாட்டுக்கே முன்மாதிரியாக விளங்கிக்கொண்டிருந்தபோது, சட்டத்தை மறுஆய்வு செய்யத் தலைநகர் திபிலிசியிலிருந்து ஆணையம் வருவதாகத் தகவல் வந்தது. ஊர் ஊராகப் போய்ச் சட்டம் எப்படி நடக்கிறது என்று கேட்பார்களாம். ஒரு நிபந்தனை: ஒரு 'உண்மையான புகார்தாரர்' வேண்டும். அவர் 'பயமற்ற சூழலில்' பேச வேண்டும்.

புகார்தாரருக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. அனுபவம் உள்ளவர் செவேரியான். பயமற்ற சூழலுக்குத்தான் நகராட்சியில் கை பிசைந்தார்கள். ஓத்தியா ஐயா அசரவில்லை.

"மனுஷன் எங்க பயப்படுவான்? ஆபீஸ் மேஜையில. எங்க பயப்பட மாட்டான்? சாப்பாட்டு மேஜையில. விசாரணைய உணவுக்கூடத்துலயே வச்சிடுவோம். ஒயின் என் வீட்டுது."

ஆணையம் வந்த காலையில் வேனை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். செவேரியான் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, தயாராக உட்கார்ந்திருந்தார். முதுகில் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். முன்பெல்லாம் கனத்த மனிதர்.

"என்ன அண்ணே, மாப்பிள்ள மாதிரி."

"சும்மா இருடா. ஒரே ஒரு வரிதான் சொல்லப் போறேன். 'வேன சூப்புக்குத் திருப்பிக் குடுங்க.' ராத்திரியெல்லாம் சொல்லிப் பாத்தேன். இதுக்கு மேல ஒரு வார்த்த சேத்தா வக்கீலுங்க உள்ள பூந்துடுவாங்க."

வழி நெடுக அந்த வரியை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

உணவுக்கூடத்தில் பாத்திரத்தோடு வந்தவர்களையெல்லாம் 'விசாரணையை முன்னிட்டு விடுமுறை' என்று திருப்பி அனுப்பிவிட்டு, நீள மேஜை போட்டிருந்தார்கள். பாலாடைக்கட்டி ரொட்டி ஆவி பறந்தது. அவரைக் குழம்பு, வறுத்த பன்றி இறைச்சி, வால்நட் அரைத்துப் போட்ட கத்தரிக்காய், கூஜா கூஜாவாக ஒயின். ஆணையத் தலைவர் பிளாட்டோன் சட்டப் பேராசிரியர். தாடியும் தொப்பையுமாக வாசலிலேயே நின்றுவிட்டார். பின்னால் மடிக்கணினியோடு செயலாளர் சித்சினோ.

"இது அதிகாரபூர்வ விசாரணைங்க. பேசற ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகணும்" என்றார் பிளாட்டோன்.

"ஆகட்டும் ஐயா, யார் வேணாம்னா. ஆனா தலைநகர்லேந்து வந்த விருந்தாளிய வாய் காய உக்கார வச்சுப் பேசினேன்னு எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா கல்லறையில திரும்பிப் படுத்துப்பாரு. நீங்க சாப்பிடவே வேணாம். சும்மா கோப்பையப் பிடிச்சிக்குங்க" என்றார் ஓத்தியா ஐயா.

ஜார்ஜியாவில் பிறந்து வளர்ந்தவர் யாரும் அதற்கு மறுமொழி சொல்ல முடியாது. பிளாட்டோன் உட்கார்ந்தார். உட்கார்ந்த மேஜைக்கு விருந்துத் தலைவர் ஒருவர் இருந்தாக வேண்டும். அவர் அனுமதி இல்லாமல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவர் எதற்காகக் கோப்பை தூக்குகிறாரோ அதைப் பற்றித்தான் பேச வேண்டும். மாவட்டத்திலேயே சிறந்த விருந்துத் தலைவர் என்று பெயர் வாங்கியவர் ஓத்தியா ஐயா. ஆகவே ஓத்தியா ஐயா மீதான விசாரணைக்கு ஓத்தியா ஐயாவே தலைமை தாங்கினார்.

முதல் கோப்பை அமைதிக்கு. இரண்டாவது விருந்தாளிகளுக்கு. மூன்றாவது சட்டத்துக்கு. எல்லோரும் எழுந்து குடித்தோம். சித்சினோ தட்டிக்கொண்டே, "ஐயா, வாழ்த்தையும் சாட்சியமா எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள்.

"விசாரணையில பேசறதெல்லாம் சாட்சியம்தாம்மா" என்றார் பிளாட்டோன், வாயில் ரொட்டியுடன்.

நான்காவது கோப்பையை ஓத்தியா ஐயா புகாருக்காகத் தூக்கினார்.

"புகார் பண்றவன் யாரு? நம்ம மேல அக்கற உள்ளவன். அக்கற உள்ளவன் யாரு? சொந்தக்காரன். சொந்தக்காரன் வீட்டுக்கு வந்து 'என்னப்பா, உப்பு கம்மி'ன்னு சொன்னா, அது புகாரா? பாசம். இந்த ஊர்ல பாசத்துக்குக் குறைச்சலே இல்ல ஐயா. எல்லாப் புகாரும் நீடூழி வாழட்டும்."

பிளாட்டோனின் கண் கலங்கியது. குடித்தோம். 'புகார்கள் நீடிக்க வேண்டும் என்பதைக் கூட்டம் ஒருமனதாக ஏற்றது' என்று சித்சினோ தட்டியதை எட்டிப் பார்த்தேன்.

"இப்ப நம்ம செவேரியான் அண்ணன் பேசுவாரு" என்று ஓத்தியா ஐயா கோப்பையை அவர் பக்கம் நீட்டினார்.

செவேரியான் கக்கத்துக் கட்டையை ஊன்றி எழுந்தார். அவர் உதடு அந்த ஒரு வரிக்குக் குவிந்ததைப் பார்த்தேன். பிறகு அவர் கையில் இருந்த கோப்பையைப் பார்த்தார். ஓத்தியாவின் ஒயின். வாயில் இன்னும் மென்று முடியாத ஓத்தியாவின் ரொட்டி. ஒருவனுடைய ஒயினைக் கையில் பிடித்துக்கொண்டு அவனையே பழிப்பதை எங்கள் ஊரில் செத்தாலும் செய்ய மாட்டார்கள். இது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. அதனால்தான் எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள்.

"ஓத்தியாவோட அப்பா எனக்கு மேஸ்திரியா இருந்தாரு," என்றார் செவேரியான். "நல்ல மனுஷன். இந்த அவரக் கொழம்பு அவங்க வீட்டுக் கைப்பக்குவம். நாக்குல பட்டு நாளாச்சு. எல்லாரும் நல்லா இருங்க."

குடித்துவிட்டு உட்கார்ந்தார். காது வரை சிவந்திருந்தது.

"என்ன அண்ணே," என்று தொடையைக் கிள்ளினேன். "அந்த வரி?"

"கையில கோப்ப இருக்குடா. எப்படிச் சொல்றது?"

"கீழ வச்சிட்டுச் சொல்லுங்க."

"வாழ்த்து சொல்லாமக் கீழ வச்சா அது ஓத்தியாவக் கன்னத்துல அறைஞ்ச மாதிரி. நீயும் இந்த ஊர்க்காரன்தானே."

சித்சினோ படித்துக் காட்டினாள்: "சேவையின் தரம் பற்றிப் புகார்தாரர்: 'கைப்பக்குவம், எல்லாரும் நல்லா இருங்க.'"

"சட்டம் வேல செய்யுதுன்னா இப்படித்தான் இருக்கும்," என்றார் பிளாட்டோன். "எத்தனையோ ஊர் பாத்தாச்சு. புகார்தாரரே கொழம்பப் பாராட்டினது இங்கதான்."

செவேரியான் தலை குனிந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வேன் போய்விட்டது, குளிர்காலம் முழுக்க அடையும் பூண்டும்தான் என்று எனக்கும் புரிந்துவிட்டது.

அடுத்து, முறைப்படி, இறந்தவர்களுக்கான கோப்பை. இதைத் தவிர்க்க முடியாது; இதற்கு எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும்; கோப்பைகளை இடித்துக்கொள்ளக் கூடாது. ரொட்டித் துண்டின்மேல் ஒயினைச் சொட்டவிட்டு, போனவர்களின் பெயரைச் சொல்லிக் குடிக்க வேண்டும். இதில் எந்த ஆபத்தும் இல்லை என்று ஓத்தியா ஐயா நினைத்திருக்க வேண்டும். பெருந்தன்மையாக, "அதிகம் பேர இழந்தவரு செவேரியான் அண்ணன்தான். இதையும் அவரே சொல்லட்டும்" என்றார்.

செவேரியான் இந்தத் தடவை மெதுவாக எழுந்தார். ரொட்டியைப் பிட்டார். சுரங்கத்தில் போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஒயினைச் சொட்டவிட்டார். எல்லோரும் அசையாமல் நின்றோம். பிறகு அவர் நிறுத்தவில்லை.

"இன்னும் ஒருத்தர் இருக்காரு. அவருக்குக் கல்லற கிடையாது. தினம் மத்தியானம் எங்க மேட்டுக்கு வருவாரு. அவர் வர்றதுக்கு முன்னாடியே வாசன மாடி ஏறிடும். முட்டைக்கோஸ்னாலும் வருவாரு, அவரன்னாலும் வருவாரு. சில நாள் எலும்போட வருவாரு. பனி கொட்டினப்பவும் வந்தாரு. உன் பேர் என்ன, கையெழுத்துப் போடு, என்னப் பத்தி என்ன நெனைக்கறன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. கண்ணு தெரியாத மார்கோ அவரு வர்ற சத்தத்த வச்சுத்தான் மத்தியானம்னு தெரிஞ்சுக்குவா. நல்லாத்தான் இருந்தாரு. ஒரு நாள் வரல. அப்புறம் வரவே இல்ல. யாரையும் குத்தம் சொல்லல. இறந்தவங்களப் பத்திப் பேசறப்ப நல்லது மட்டும்தான் பேசணும். நல்லவரு. அவரு ஆத்மா சாந்தியடையட்டும்."

ரொட்டியில் ஒயினைச் சொட்டினார். குடித்தார். நின்ற எல்லோரும் குடித்தோம்; இறந்தவர்களுக்கான கோப்பையைப் பாதியில் நிறுத்த யாருக்குத் துணிச்சல் வரும்? ஓத்தியா ஐயாவுக்குப் பாதிக் கோப்பையில் விஷயம் புரிந்தது. மீதியையும் குடித்துத்தான் ஆகவேண்டியிருந்தது.



"ஐயா," என்றாள் சித்சினோ. "கடைசியா சொன்னவரோட பேரு எனக்குக் கேக்கல."

"சூப்புங்க" என்றேன்.

தட்டினாள். "இறப்புக்குக் காரணம்?"

பிளாட்டோன் ஓத்தியாவைப் பார்த்தார். ஓத்தியா கூரையைப் பார்த்தார். மேஜையின் கோடியில் குல்நாஸி வேன் சாவியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தாள். நல்ல பெண் என்று முன்பே சொன்னேன்.

"மேற்பார்வைங்க" என்றாள்.

அதையும் சித்சினோ தட்டினாள்.

ஆணையத்தின் முடிவு வர நாளாகவில்லை. அதன் தெளிவை நான் வியக்கிறேன். 'மேற்படி சேவை காலமாகிவிட்டது என்பதைக் கூட்டத்தினர் அனைவரும் எழுந்து நின்று உறுதி செய்துள்ளனர். காலமான சேவையின் மீது புகார் நிலைக்காது. ஆகவே கோப்பு முடிக்கப்படுகிறது. உங்கள் துயரத்தில் ஆணையம் பங்குகொள்கிறது.' அந்தக் காகிதத்தை நானே மேட்டுக்குக் கொண்டுபோய்ச் செவேரியானுக்குப் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும் அதைக் கசக்கப் போனேன். அவரோ நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"செத்துடுச்சுன்னு எழுத்துலயே குடுத்துட்டாங்களா?"

"முத்திரையோட அண்ணே."

"அப்ப நாற்பதாம் நாள் யாரு செய்யறது?"

மார்கோ அடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "பெத்தவங்கதான் செய்யணும்," என்றாள். "சூப்புக்கு ஓத்தியாவ விட்டா யாரு இருக்கா."

ஒருவர் இறந்தால் நாற்பதாம் நாள் அந்த வீட்டார் வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட வேண்டும். எங்கள் ஊரில் சுரங்கத்துத் தண்டவாளத்தைக் கழற்றி விற்றவன் நிம்மதியாக வாழ்கிறான். நகராட்சி மண்டபத்துக் கூரைத் தகட்டைக் கொண்டுபோனவனைப் பார்த்து வணக்கம் சொல்கிறோம். நாற்பதாம் நாள் செய்யாதவன் மட்டும் தெருவில் நடக்க முடியாது. மேட்டிலிருந்து கோயிலுக்கு இறங்கி வரும் பெண்களிடம் செவேரியான் ஒரு வார்த்தைதான் சொல்லி அனுப்பினார்: நாள் நெருங்குது, அந்த வீட்லேந்து இன்னும் பேச்சே இல்ல.

அந்த வாரமே ஓத்தியா ஐயா வேன் நிற்கிற இடத்துக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"தம்பி, ஊரெல்லாம் என்கிட்ட துக்கம் விசாரிக்கிறாங்கடா. ரொட்டிக் கடைக்காரி என் கையப் பிடிச்சிட்டு அழுவுறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது. 'எல்லாம் கடவுள் சித்தம்'னேன். கறுப்புச் சட்ட எங்கன்னு கேக்கறா."

"போட்டுக்குங்க ஐயா. நீங்கதான் கூட இருந்தவரு."

நாற்பதாம் நாள் வந்தது. ஓத்தியா ஐயா கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டார். ஆட்டிறைச்சிச் சோறு, தேன் ஊற்றி வேகவைத்த கோதுமை, மீன், அவரை, ஒயின் என்று சடங்குக்கு உரிய எல்லாவற்றையும் வேனில் ஏற்றினோம். சேவைப் பொருளைத்தான் வேனில் ஏற்றக்கூடாது. துக்கச் சாப்பாட்டை ஏற்றக்கூடாதென்று சட்டத்தின் எந்தப் பிரிவும் சொல்லவில்லை. குல்நாஸி சட்டத்தை இரண்டு தடவை புரட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்தாள். அன்று பொழுது சாயும் வரை மேட்டில் சாப்பிட்டார்கள். செவேரியான் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வாயையும் மென்று, நிறுத்தி, இன்னொரு வாய் எடுத்தார். நடுவில் இடுப்பு வாரைப் பழைய ஓட்டைக்கு மாற்றிக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, ஓத்தியா ஐயாவை அருகில் அழைத்தார்.

"கடமைய நல்லபடியா செஞ்சிட்ட ஓத்தியா. உங்க அப்பா பேரக் காப்பாத்திட்ட. ஆனா ஒண்ணு மனச உறுத்துது."

"என்ன அண்ணே?"

"மத்தவங்களுக்கெல்லாம் நாம ஒண்ணுமே செய்யலயே."

"யாரு மத்தவங்க?"

"வாரா வாரம் ரத்த அழுத்தம் பாக்க நர்ஸ் வருவாங்கல்ல, அது போயிடுச்சு. தண்ணிக் கொழாயும் போயிடுச்சு. தெரு விளக்கு. ரோப் காரு போயி எத்தன வருஷம். எல்லாமே நகராட்சிக்குப் பொறந்ததுங்க. நீ நகராட்சி ஆளு. ஒண்ணுக்கும் நாற்பது செய்யல. கோயிலுக்குப் போற பொண்ணுங்ககிட்ட நானே இதச் சொன்னா நல்லா இருக்காது. நீயா செஞ்சா மரியாத."

ஓத்தியா ஐயா வெறும் அண்டாக்களைப் பார்த்தார். மிச்சமிருந்த எலும்புகளைப் பார்த்தார். ரோப் காருக்கு எத்தனை ஆடு வேண்டும் என்று அவர் மனம் போட்ட கணக்கு முகத்தில் தெரிந்தது.

"அண்ணே," என்றார் மெல்ல. "மத்தியானம் மத்தியானம் பழைய மாதிரி வாளி அனுப்பினா, இந்தப் பேச்ச விட்டுடுவீங்களா?"

செவேரியான் பெருமூச்சு விட்டார். "துக்கம் கொஞ்சம் ஆறும்."

அன்றிலிருந்து மத்தியானம் வேன் தூக்குவாளிகளோடு மேட்டுக்குப் போகிறது. வண்டி ஓட்டப் பதிவேட்டில் 'நினைவுச் சடங்கு' என்று எழுதிக்கொள்கிறோம். சடங்கு சேவை ஆகாது. சேவை அல்லாததற்குப் புகார் இல்லை, மேற்பார்வை இல்லை, ஆறியதா சூடா என்ற கேள்வி இல்லை. ஆகவே சாப்பாடு நேரத்துக்குப் போய்ச் சேருகிறது. குல்நாஸியும் கூட வருகிறாள். வளைவுகளில் சிந்தாமல் இருக்க ஒரு வாளியை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்கிறாள்; அவள் அலுவலகப் பாவாடையில் முட்டைக்கோஸ் வாசனை போவதே இல்லை.

போன மாதம் திருத்திய சட்டம் வந்து சேர்ந்தது. முன்னதைவிடத் தடிமன். பழைய சட்டம் அடியோடு நீக்கப்படுவதாகவும், புதியதை உருவாக்க ஷவ்கோரா ஆற்றிய பங்கை நாடு மறக்காது என்றும் பிளாட்டோன் கையெழுத்துப் போட்டிருந்தார். எவ்வளவு பெரிய கௌரவம். மேட்டில் வாளிகளை இறக்கி வைத்துவிட்டு, எல்லோரும் கேட்க உரக்கப் படித்தேன். காலமான சூப்பைக் குடித்துக்கொண்டே கேட்டார்கள்.

"பழைய சட்டம் போயிடுச்சா, பாவம்," என்றாள் மார்கோ. "அதுக்கும் ஒரு நாற்பது செஞ்சிடணும் செவேரியான். அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு."

செவேரியான் கரண்டியைக் கீழே வைத்தார். யாருக்கும் அநியாயம் செய்ய விரும்பாதவர், நன்றாக யோசித்தார்.

"செய்யலாம். எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ஆனா செத்துடுச்சுன்னு சொல்லணும்னா, அது ஒரு நாளாவது உயிரோட இருந்தத யாராவது பாத்திருக்கணும்ல. யாரு பாத்தீங்க?"

குல்நாஸிகூடக் கையைத் தூக்கவில்லை.